ஏலத்தில் போன பாட்டு

1

முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வாசிக்கப்போவது கதையாகப் பிறந்ததல்ல. ஆண்டு மலர் ஒன்றுக்காகப் பத்திரிகை ஆசிரியர் ஒருவர் என்னிடம் கட்டுரை கேட்டார். தலைப்பையும் அவரே கொடுத்தார்: 'கவிஞர்கள் கவிதையால் பிழைக்க முடியுமா? அன்றும் இன்றும்.' நான்கு பக்கம் போதும், சன்மானம் உண்டு என்றார். கவிதையால் பிழைக்க முடியாது என்று எழுதுவதற்குச் சன்மானம் கிடைக்கும் என்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது. உடனே ஒப்புக்கொண்டேன்.

உட்கார்ந்து எழுதினேன்.

சங்க காலம் தொட்டே புலவர்களையும் வறுமையையும் பிரிக்கமுடியாதபடி— [இதை எனக்கு முன்னால் நூறு பேர் எழுதியாயிற்று. எழுதும்போதே கொட்டாவி வந்தது.]

இன்றைய கவிஞர்களை எடுத்துக்கொண்டால், அவர்கள் பெரும்பாலும் வேறு ஏதோ ஒரு வேலையில் இருந்துகொண்டு— [இது என் கதை. இராஜபாளையத்தில் முப்பத்துநான்கு வருடம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்தவன் நான். மூன்று கவிதைத் தொகுப்புகள் போட்டேன், மீட்டர் பார்த்த சம்பளத்தில். அந்த மீட்டர்களுக்கும், நான் வருவதற்குள் நாயைப் பிடித்துக் கட்டிய புண்ணியவான்களுக்கும் என் நன்றி. ஆனால் இதில் கட்டுரை எங்கே இருக்கிறது?]

மூன்றாவது வாக்கியத்துக்குத் தடுமாறியபோதுதான் கவனித்தேன், என் வாய் ஒரு மெட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தது. எழுத வராதபோதெல்லாம் அதைத்தான் முணுமுணுப்பேன். அதற்கு வார்த்தை கிடையாது. என் அம்மா குருவம்மாள் அடுப்படியில் முணுமுணுத்து முணுமுணுத்து எனக்கும் ஒட்டிக்கொண்டது. அது என்ன பாட்டு என்று ஒருமுறை அம்மாவிடம் கேட்டிருக்கிறேன்.

"நீ பொறந்தன்னைக்கு நர்ஸம்மா பாடுனது. பாடுனதுன்னா வாயத் தொறந்து இல்ல, உம் உம்முன்னுதான். வார்த்தையச் சொல்லுங்கன்னு கேட்டேன். அத எங்கம்மா வித்துப்புட்டாங்கன்னு சொல்லுச்சு" என்றாள்.

வார்த்தையை விற்றுவிட்ட ஓர் அம்மா. கட்டுரையை மூடிவைத்தேன். ஆசிரியர் மன்னிக்க வேண்டும்.

2

இந்தக் கதைக்கு மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

"1937ஆம் ஆண்டு. இராஜபாளையத்தில் புகைபோக்கிகள் எழும்பிக்கொண்டிருந்த காலம்." [சினிமாக் கொட்டகையில் படத்துக்கு முன்னால் போடும் செய்திப்படத்தின் குரல் கேட்கிறது. விட்டுவிட்டேன்.]

"தங்கபாய் அழகி." [தன் அம்மாவை அழகி என்று நர்ஸம்மா சொல்லவே இல்லை. ஒரு பெண்ணைப் பற்றி எழுத ஆரம்பித்தால் என் கை தானாக அங்கே போய் நிற்கிறது. வெட்கமாக இருக்கிறது. விட்டுவிட்டேன்.]

"தங்கபாயின் ஏழு கோழிகளும் ஒரே வாரத்தில் செத்துப்போயின."

இது நிற்கும் என்று தோன்றுகிறது. இதிலிருந்தே போகிறேன்.

தங்கபாய்க்கு மம்சாபுரம். கணவன் இறந்து நான்கு வருடமாகிறது. விடிந்ததும் இராஜபாளையத்துக்கு நடந்து வந்து, பருத்தியிலிருந்து விதையைப் பிரிக்கும் ஒரு ஜின்னிங் பேக்டரியின் முற்றத்தில் பருத்தி ஆய்வாள். மெஷினுக்குப் போவதற்கு முன்னால் பருத்தியில் ஒட்டியிருக்கும் சருகையும் சொத்தையையும் பொறுக்கி எடுக்கும் வேலை. நாற்பது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து அதைச் செய்தார்கள். பாதிப் பேர் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள், பாதிப் பேர் தெலுங்கு. எல்லோருக்கும் ஒரே கூலி.

தங்கபாய்க்கு மட்டும் கொஞ்சம் கூடுதல். ஏனென்றால் அவள் பாடினாள். தானே கட்டிய பாட்டுகள். மூன்றாவது வகுப்பு வரை படித்தவள். தூது போகிற மேகம், தேயாத நிலவு எல்லாம் அவள் பாட்டில் வராது. கிணற்றில் தண்ணீர் ஊறியது வரும், பிந்தி வந்த ரயில் வரும், மேஸ்திரி கருத்தையாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டு ஒரு நாள் முழுக்கத் திட்ட முடியாமல் போனது வரும்.

அந்தக் கருத்தையாதான் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார். தங்கபாய் காய்ச்சலில் வராத நாட்களில் ஆய்ந்த பருத்தி இரண்டு கூடை குறைந்தது. வந்த நாட்களில் கூடியது. அவர் பாட்டை ரசிக்கிறவர் அல்ல, கூடையை ரசிக்கிறவர். முதலாளியிடம் போய்ச் சொன்னார்: "அந்தம்மா வாயத் தொறந்தா நாப்பது பேரு கையும் வேகமாப் போவுது மொதலாளி." அன்றிலிருந்து அவளுக்கு வாராவாரம் ஒரு சிறு தொகை சேர்த்துக் கொடுத்தார்கள். பெண்கள் அதற்குப் பாட்டுக்கூலி என்று பெயர் வைத்தார்கள்.*

தங்கபாயின் ஒரே மகள் ஞானரத்தினம் ஸ்ரீவில்லிபுத்தூரில் மிஷன் போர்டிங்கில் தங்கிப் படித்தாள். வயது பதினொன்று. போர்டிங்குக்குக் கட்ட வேண்டியது அத்தனையும் பாட்டுக்கூலியிலிருந்து போனது. பாட்டுக்கூலி நின்றால் ஞானரத்தினம் சிலேட்டை வைத்துவிட்டு முற்றத்துக்கு வந்து உட்கார்ந்து பருத்தி ஆய வேண்டியதுதான். வாசகர் இதை மட்டும் மறந்துவிடக் கூடாது. கதை முழுக்க இந்த ஒன்றின்மேல்தான் நிற்கிறது.

* ஆசிரியர் கவனத்துக்கு: நீங்கள் கேட்ட கட்டுரைக்கான ஆதாரம் இங்கே இருக்கிறது. தான் கட்டிய பாட்டுக்காகத் தவறாமல் வாரக்கூலி வாங்கிய ஒரு கவிஞர். எனக்குத் தெரிந்து வேறு யாரும் இல்லை, நான் உட்பட.

3

கோழிகளுக்கு வருகிறேன்.

தங்கபாயின் சபையில் வருடத்துக்கு ஒருமுறை ஸ்தோத்திரப் பண்டிகை நடக்கும். சுற்று வட்டாரத்திலிருந்து எல்லோரும் ஸ்ரீவில்லிபுத்தூரிலுள்ள கிறிஸ்தவக் கோயிலுக்கு வருவார்கள். அந்த வருடம் தேவன் கொடுத்ததற்கு நன்றியாக, தங்கள் வீட்டில் விளைந்ததில் வளர்ந்ததில் ஒன்றைக் காணிக்கையாகக் கொண்டுவருவார்கள். பூசணிக்காய், வாழைத்தார், ஆட்டுக்குட்டி, முட்டை. ஆராதனை முடிந்ததும் அதையெல்லாம் கோயில் முற்றத்தில் ஏலம் போடுவார்கள். பணம் சபைக்கு. எடுக்கிறவரும் காணிக்கையாகத்தான் எடுக்கிறார் என்பதால் எலுமிச்சம்பழம்கூட அசாத்திய விலைக்குப் போகும். சிலர் எடுத்ததையே திரும்பவும் தட்டில் வைத்து, இன்னொருமுறை ஏலம் போடுங்கள் என்பார்கள். அன்றைக்கு மட்டும் ஏமாறுவதில் எல்லோருக்கும் சந்தோஷம்.

தங்கபாய் வருடா வருடம் ஒரு கோழி கொடுப்பாள். அது அவளுடைய பொருத்தனை, கணவன் இறந்த வருடம்கூடத் தவறியதில்லை. 1937இல் பண்டிகைக்குப் பத்து நாள் இருக்கும்போது வெள்ளைக் கழிச்சல் வந்து ஏழு கோழியும் போய்விட்டது. கடன் வாங்கி ஒரு கோழி வாங்கலாமென்றால் அது அவள் வீட்டில் வளர்ந்தது ஆகாது.

"என்கிட்ட வளந்தது இப்ப பாட்டு ஒண்ணுதான் இருக்குக்கா" என்று பக்கத்தில் உட்கார்ந்து ஆயும் இசக்கியம்மாளிடம் சொன்னாள்.

"அப்ப அதையே குடேன்" என்றாள் இசக்கியம்மாள். அவள் வேறு சாமி கும்பிடுகிறவள். ஆனால் பொருத்தனையும் நேர்ச்சையும் அவளுக்கு ஒன்றுதான்.

நான்கு நாட்கள் முற்றத்தில் பருத்தி ஆய்ந்தபடியே தங்கபாய் அந்தப் பாட்டைக் கட்டினாள். அவள் ஒரு வரி சொல்லச் சொல்ல மற்றப் பெண்களும் கற்றுக்கொண்டார்கள். அவளுடைய பழைய பாட்டுகளைவிட இது வேகமானது. நாற்பது பேரின் கையும் அந்த வேகத்துக்குப் பழகிவிட்டது. கூடை இன்னும் ஏறியது. கருத்தையா ஒரு நாள் சிரித்தேவிட்டார்.

மகளின் பழைய நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, பென்சிலால் பாட்டை எழுதி, சுருட்டி, நூலால் கட்டினாள்.

[இந்த இடத்தில் பாட்டைக் கொடுக்க வேண்டும் என்று எனக்கும் தெரியும். எட்டு வரி எழுதிப் பார்த்தேன். நன்றாகவே வந்தது. ஆனால் அந்த வார்த்தைகள் விற்றுப்போனவை. விற்ற பொருளை நான் எப்படி இங்கே எடுத்து வைப்பது? எட்டு வரியையும் கிழித்துவிட்டேன். அதில் ஒரு கோழி வருகிறது என்பது மட்டும் உங்களுக்குத் தெரிந்தால் போதும்.]

4

ஏலம் போட்டவர் சபைப் போதகருக்கு உதவியாக இருந்த உபதேசியார் அருளப்பன். பெரிய குரல். வெண்டைக்காய் போயிற்று, வாழைத்தார் போயிற்று, செட்டியார்பட்டியிலிருந்து வந்திருந்த வியாபாரி தனுஷ்கோடி ஓர் ஆட்டை எடுத்தார். அடுத்து உபதேசியாரின் கையில் அந்தச் சுருள் வந்தது. நூலை அவிழ்த்துப் பார்த்தார்.

"இது என்னது, காயிதம்?"

தங்கபாய் பெண்கள் பக்கமிருந்து எழுந்தாள். "பாட்டு, உபதேசியாரே. நானா கட்டுனது. இந்த வருசம் கோழி இல்ல."

கூட்டம் சிரித்தது. அருளப்பன் ஐயரைப் பார்த்தார். [சபைப் போதகரை அந்தப் பக்கத்தில் ஐயர் என்பார்கள்.] ஐயர் கண்ணை மூடிக்கொண்டு ஜெபத்தில் இருக்கிறவர்போல் இருந்தார். அது ஜெபமில்லை என்று நர்ஸம்மா சொன்னதாக அம்மா சொன்னாள்.

"தட்டுல வந்தது எல்லாம் ஏலத்துக்குத்தான்" என்று அருளப்பன் தனக்குத்தானே சட்டம் சொல்லிக்கொண்டார். பிறகு குரலை எடுத்தார். "பாட்டு! புதுப் பாட்டு! ஊருல வேற எங்கயும் கெடைக்காது! கேளுங்க ஐயா, கேளுங்க!"

"ஓரணா!" என்றார் யாரோ. மறுபடியும் சிரிப்பு. தங்கபாய் உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ரெண்டு ரூவா" என்றது முன்வரிசையிலிருந்து ஒரு குரல். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜவுளிக்கடை வைத்திருந்த வேதசிரோமணி. சபையில் பெரிய மனிதர், போர்டிங் கமிட்டியிலும் இருப்பவர்.

"ரெண்டரை" என்றார் தனுஷ்கோடி, விளையாட்டாக.

"மூணு."

விளையாட்டு விளையாட்டாகவே ஏறியது. ஆட்டின் விலையைத் தாண்டியபோது சிரிப்பு நின்றுவிட்டது. தனுஷ்கோடி தன் ஆட்டைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், வாயை மூடிக்கொண்டார்.

"ஒரு தரம்! ரெண்டு தரம்! மூணு தரம்!"

தங்கபாய்க்கு அதில் ஒரு காசு இல்லை. அவள் கேட்கவும் இல்லை. பொருத்தனை தீர்ந்தது, அதுவும் ஓர் ஆட்டுக்கு மேலே. மம்சாபுரம் வரைக்கும் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

5

வேதசிரோமணி எனக்குப் பிடிபடவில்லை. முதல் வரைவில் அவருக்கு முறுக்கு மீசை வைத்து வில்லனாக்கினேன். பணக்காரன் ஏழையின் பாட்டை விலைக்கு வாங்கி அபகரித்தான் என்று போனால் கதை தானாக ஓடும், எழுதுகிறவன் தூங்கலாம். இரண்டு பக்கம் ஓடியது. பிறகு அந்த மனிதர் என் பேச்சைக் கேட்க மறுத்துவிட்டார்.

அவர் ஏன் அந்த விலைக்குக் கேட்டார்? தனுஷ்கோடியிடம் தோற்கக் கூடாது என்றுதான் என்பது என் அம்மாவின் கட்சி. ஒரு விதவையைப் பார்த்துச் சபையில் எல்லோரும் சிரிப்பதை அவரால் பொறுக்க முடியவில்லை என்று நர்ஸம்மா சொல்லியிருக்கிறார். எனக்கு வேறொன்று தோன்றுகிறது. அவருக்குப் பாட்டு என்றால் உயிர், ஆனால் ஸ்ருதி கிடையாது. ஆராதனையில் அவர் பாட ஆரம்பித்தால் வீட்டம்மா முழங்கையால் இடித்து, உதட்டை மட்டும் அசைக்கச் சொல்வாள். வாழ்நாள் முழுக்க உதட்டை மட்டும் அசைத்த ஒருவர், ஒரு பாட்டாவது தனக்கென்று இருக்கட்டும் என்று நினைத்திருக்கலாம். இது என் கற்பனை. எனக்கும் ஸ்ருதி கிடையாது.

மீசையை எடுத்துவிட்டேன்.

6

திங்கட்கிழமை முற்றத்தில் பருத்தியைக் கொட்டினார்கள்.

"ஏட்டி, அந்தப் புதுப்பாட்ட எடு" என்றாள் இசக்கியம்மாள்.

"அது போச்சுக்கா. ஏலத்துல போச்சு."

"போனா என்ன? வாயிலதான இருக்கு?"

"நேத்து ஏலத்துல ஒருத்தரு ஆட்ட எடுத்தாரு, அவருகிட்டப் போயி செத்த நேரம் கறந்துக்கிடுதேன்னு கேப்பமா? சாமிக்குன்னு குடுத்துட்டு அத நானே பாடுனா, குடுத்ததத் திருப்பி எடுத்த மாதிரில்லா?"

"அப்ப நாங்க பாடுதோம்."

"நீங்க பாடுனாலும் என் வாயிலேருந்து வாங்குனதுதானக்கா."

யாரும் அவளை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. வேதசிரோமணிக்கு அப்படி ஒரு நினைப்பே இல்லை. ஏலத்தில் போன கத்திரிக்காயைப் போலவே பாட்டும் கைமாறிவிட்டது என்று அவளாக முடிவுகட்டினாள். இதை நான் பிழை என்று எழுதினேன். பிறகு அந்தச் சொல்லை அடித்தேன். பிறகு மறுபடியும் எழுதினேன். இப்போதைக்கு இருக்கட்டும்.

பழைய பாட்டுகளைப் பாடினாள். நாற்பது பேரின் கையும் புதுப்பாட்டின் வேகத்துக்குப் பழகிவிட்டிருந்ததால் பழைய பாட்டுகள் இழுத்தன. கை பாட்டுக்கு முன்னால் ஓடிப்போய்க் காத்து நின்றது. கூடை குறைந்தது. புதன்கிழமை கருத்தையா வந்து நின்றார்.

"என்னம்மா, பாட்டுல விறுவிறுப்பே இல்லையே. ஆயாத பருத்தி அம்பாரத்தப் பாரு, எம்புட்டுக் கெடக்கு. சனிக்கெழமைக்குள்ள கூடை ஏறலைன்னா பாட்டுக்கூலி வேண்டாம்னுருவாக மொதலாளி. நான் என்னத்தச் சொல்ல?"

அன்று மாலை தங்கபாய் மம்சாபுரத்துக்கு நடக்கும்போது மகளின் உயரத்துக்கு எந்தக் கூடை சரியாக இருக்கும் என்று யோசித்தாளாம். பின்னாளில் மகளிடம் அவளே சொன்னது இது.

வியாழக்கிழமை இசக்கியம்மாள் பொறுக்க முடியாமல் கேட்டாள்.

"ஏட்டி, நீ தட்டுல என்னத்த வச்சே?"

"தாளு."

"தாள்ல என்ன இருந்துச்சு?"

"வார்த்தை."

"ராகத்தயும் எழுதுனியோ?"

"அத எப்பிடி எழுத?"

"அப்ப அத நீ விக்கவே இல்லையே. வீட்டுலதான கெடக்கு. கூப்பிடு அத!"

இந்த இடத்தில் நர்ஸம்மா சிரித்தாராம். வலியில் கிடந்த என் அம்மாவும் சிரித்தாளாம்.

தங்கபாய் யோசித்தாள். பிறகு உதட்டை மூடிக்கொண்டு முணுமுணுத்தாள். ஒரு வார்த்தை இல்லை. வரிசை முழுக்க உதட்டை மூடிக்கொண்டு சேர்ந்தது. அதில் தமிழ் எது, தெலுங்கு எது என்று சொல்ல முடியாது. கை வேகத்தைப் பிடித்தது. சனிக்கிழமை கூடைகளை எண்ணிய கருத்தையா, "வாய மூடிக்கிட்டே இம்புட்டா!" என்று அதிசயப்பட்டுப் பாட்டுக்கூலியை அவள் கையில் வைத்தார்.

7

கதை இங்கே முடிந்திருக்கலாம். ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூரில் வேதசிரோமணி தாளுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டியிருந்தார். சேலை எடுக்க வந்தவர்கள் அண்ணாந்து வாசித்துவிட்டு, "நல்லாருக்கு மொதலாளி, எப்பிடிப் பாடணும்?" என்று கேட்டார்கள். அவருக்குத் தெரியவில்லை. ஆர்மோனியக்காரர் ஒருவரை அழைத்து ஒரு மெட்டுப் போடச் சொன்னார். எந்த மெட்டிலும் வார்த்தை உட்காரவில்லை. அடுத்த சனிக்கிழமை சட்டத்தைக் கழற்றி, தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ரயிலேறி இராஜபாளையத்துக்கு வந்துவிட்டார்.

முற்றத்தில் அவரைக் கண்டதும் தங்கபாய் எழுந்தாள். "ஸ்தோத்திரம், ஐயா."

"ஸ்தோத்திரம். ஏம்மா, பாட்ட வாங்குனேன். ராகம் வரலியே?"

"ராகம் ஏலத்துக்கு வரல்ல, ஐயா."

அவர் கொஞ்சம் யோசித்தார். வியாபாரி அல்லவா, நியாயம் புரிந்தது.

"சரிதான். அப்ப அதுக்கு என்ன வெல?"

தங்கபாய் மனதுக்குள் கணக்குப் போட்டாள். மெட்டையும் விற்றுவிட்டால் இனி முற்றத்தில் முணுமுணுக்க ஒன்றுமில்லை, பாட்டுக்கூலி போகும், ஞானரத்தினம் கூடையோடு வந்து உட்காருவாள். விற்க மாட்டேன் என்றாலோ, எதிரில் நிற்பவர் போர்டிங் கமிட்டிக்காரர். அவர் ஒரு வார்த்தை மிரட்டவில்லை. மிரட்டுகிற ஆளும் இல்லை. ஆனால் அவள் பக்கத்தில் நின்று பார்த்தால் அது ஒன்றும் பெரிய ஆறுதலாக இருந்திருக்காது.

[அவள் மெட்டை விற்கிறாள் என்று ஒரு முடிவு எழுதினேன். நல்ல விலை. ஒரு வருடத்துப் போர்டிங்குக்குக் காணும். முற்றத்தில் நாற்பது பெண்கள் ஒரு சத்தமும் இல்லாமல் பருத்தி ஆய்கிறார்கள். இரண்டாவது வருடம் பற்றி எழுத எனக்குத் தைரியம் இல்லை.]

[அவள் மறுக்கிறாள் என்று இன்னொன்று. அவர் முகம் சிவந்து ரயிலேறுகிறார். போர்டிங்கிலிருந்து ஒரு கடிதம் வருகிறது. கடிதத்தை நான் எழுதி முடிக்கவில்லை. முடித்திருந்தால் அச்சில் பாராட்டு வாங்கியிருப்பேன், துயரத்துக்கு எப்போதும் மதிப்பு உண்டு. ஆனால் நடந்தது அது இல்லை, நடக்காததை எழுதி அந்த மனிதருக்கு மறுபடியும் மீசை வைக்க மனம் வரவில்லை.]

நர்ஸம்மா என் அம்மாவிடம் சொன்னது இது.

"வெலைக்கு இல்ல, ஐயா" என்றாள் தங்கபாய். "ஆனா கேக்கணும்னா கேட்டுட்டுப் போங்க. கேக்குறதுக்கு ஒண்ணும் தர வேண்டாம்."

வேதசிரோமணி ஒரு பருத்தி மூட்டையின்மேல் உட்கார்ந்தார். தாளைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டார். அவள் உதட்டை மூடிக்கொண்டு முணுமுணுத்தாள். அவர் விரலை வார்த்தைகளின்மேல் நகர்த்திக்கொண்டே வந்தார். விரல் ஓரிடத்தில் தடுமாறியது.

"அங்க செத்த மூச்சு விடணும், ஐயா" என்று சொல்லிவிட்டு அவள் அவருக்காகக் காத்திருந்தாள்.

இரண்டாவது முறை அவர் உதடு அசைந்தது. மூன்றாவது முறை சத்தமே வந்துவிட்டது. சகிக்க முடியாத குரல். பெண்கள் பருத்தியை வாயில் அடைத்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார்கள். இடிப்பதற்கு வீட்டம்மா பக்கத்தில் இல்லை, அவர் பாட்டுக்குப் பாடினார். அவர் பாட்டு, அவர் பாடலாம். வார்த்தை அவர் மடியிலும் மெட்டு அவள் வாயிலுமாக அந்தப் பாட்டு முதல் தடவையாக இரண்டு பேரிடமிருந்து ஒன்றாக வந்தது.

சுற்றிப் பார்த்தார். நாற்பது பேரும் தன்னையே பார்ப்பது தெரிந்து அவருக்குக் கூச்சமாகிவிட்டது.

"என்ன எல்லாரும் வேடிக்கை பாக்கிய? தெரிஞ்சா பாடுங்களேன். நான் சொல்லுதேன்ல?"

அவ்வளவுதான். இரண்டு வாரம் அடைத்து வைத்திருந்த வார்த்தை நாற்பது வாயிலிருந்து ஒரே நேரத்தில் வெளியே வந்தது. மெஷின் ரூமிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். கருத்தையா கூடை எண்ணுவதை மறந்து நின்றார்.

தங்கபாய் மட்டும் அப்போதும் வார்த்தையைப் பாடவில்லை. கொடுத்தது கொடுத்ததுதான். கண்ணிலிருந்து தண்ணீர் வழிய, உதட்டை மூடிக்கொண்டு மெட்டை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தாள். பிழை என்று ஆறாம் பகுதியில் எழுதியிருந்தேன் அல்லவா? அதை நீங்களே அடித்துவிடுங்கள்.

பாட்டுக்கூலி நிற்கவில்லை. ஞானரத்தினம் போர்டிங்கில் படித்து முடித்தாள். வீட்டில் அம்மாவிடமிருந்து அவளுக்கு வந்தது மெட்டு மட்டும்தான்.

8

அடுத்த வருடம் ஸ்தோத்திரப் பண்டிகையில் வேதசிரோமணி அந்தத் தாளைக் கொண்டுவந்து தட்டில் திரும்ப வைத்தார். எடுத்ததைத் திரும்பக் கொடுக்கும் வழக்கம் உண்டென்று முன்பே சொல்லியிருக்கிறேன். "போன வருசத்துக்கு நன்றியா" என்றாராம். உபதேசியார் அருளப்பன் அதைத் தூக்கிப் பிடித்தார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. தனுஷ்கோடி முதல் ஆளாகக் கேட்டார். பெண்கள் பக்கத்தில் தங்கபாய் நின்றாள். கோயில் மதிலுக்கு வெளியே, இராஜபாளையத்திலிருந்து நடந்து வந்த இசக்கியம்மாளும் முற்றத்துப் பெண்களும் முந்தானையில் காசை முடிந்துகொண்டு நின்றார்கள். உள்ளே வரலாமா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஐயர் இந்த முறை கண்ணை மூடவில்லை. அவர்தான் போய்—

[இந்த வாக்கியத்தை நான் முடிக்கவில்லை. நர்ஸம்மாவும் முடிக்கவில்லை. காரணம் நான்தான்.]

9

1949, ஒரு மத்தியானம். தலைப்பிரசவம், என் அம்மாவுக்குப் பயம். நர்ஸ் ஞானரத்தினம் அவள் பயத்தை மறக்கடிக்கத் தன் அம்மாவின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். இடையிடையே அந்த மெட்டை முணுமுணுத்தார். கதை இரண்டாவது ஏலத்துக்கு வந்தபோது நானும் வந்துகொண்டிருந்தேன்.

"கையப் பிடிச்சுக்கிட்டு எண்ணுச்சுப்பா" என்றாள் அம்மா. "ஒரு தரம், முக்கும்மா. ரெண்டு தரம், இன்னும் செத்த முக்கும்மா. மூணாவது தரத்துக்கு மில்லுச் சங்கு ஊதுச்சு, நீ வந்துட்டே."

"கடைசியில பாட்ட யார் எடுத்தாங்க?"

"யாருக்குத் தெரியும்?"

"மறுநாள் கேட்டிருக்கலாமில்ல?"

"உன்னப் பாத்துக்கிட்டே இருந்தேன். கேக்க மறந்துட்டேன்."

அதற்கடுத்த வாரம் ஞானரத்தினம் வேறு ஊர் ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகிப் போனார். அம்மாவும் இப்போது இல்லை. கேட்பதற்கு யாருமில்லை. வேண்டுமென்றால் நான் ஒரு முடிவு செய்து தரலாம், ஐந்தாறு கைவசம் இருக்கின்றன. ஆனால் நான் பிறந்ததால் நின்றுபோன கதையை நானே முடித்துவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆசிரியர் ஐயா, உங்கள் கேள்விக்குப் பதில் எனக்கு இப்போதுதான் தெரிகிறது. ஒரு பாட்டு ஒரு பிள்ளையைப் படிக்க வைத்தது. அந்தப் பிள்ளையின் இரண்டு கைகள்தான் இந்த உலகத்தில் என்னை முதலில் ஏந்தியவை. கவிதையால் கவிஞர் பிழைக்க முடியுமா என்று கேட்டீர்கள். கவிதையால் நான் பிழைத்தேன். தங்கபாய் அம்மாளுக்கும், காது கொடுத்த கருத்தையாவுக்கும், வாய்க்குச் சட்டம் சொன்ன இசக்கியம்மாளுக்கும், ஸ்ருதி இல்லாத வேதசிரோமணிக்கும் என் நன்றி. நீங்கள் அனுப்பும் சன்மானத்தில் ஒரு கோழி வாங்கி, வருகிற ஸ்தோத்திரப் பண்டிகைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கப்போகிறேன். நான் அந்தச் சபைக்காரன் இல்லை. கோழிக்கு அது தெரியாது.

மற்றது உங்கள் பாடு, வாசகரே. உபதேசியார் தாளைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். மதிலுக்கு வெளியே இசக்கியம்மாள் முடிச்சை அவிழ்க்கிறாள். தங்கபாய் உதட்டை மூடிக்கொண்டு நிற்கிறாள். கூட்டத்தில் நீங்களும் நிற்கிறீர்கள், உங்கள் மடியிலும் ஏதோ இருக்கிறது. கேட்பதென்றால் இப்போதே கேளுங்கள்.

ஒரு தரம்.

ரெண்டு தரம்.